குளிர் சுட்ட கைரங்கி

கைரங்கியின் கை பட்டால் எங்கள் பாதிரியார்கூடத் துள்ளுவார். துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. பாளம் பாளமாக வரும் ஐஸைக் கம்பியால் குத்தி உடைத்து, மண்வாரியால் அள்ளிப் படகுக்காரர்களின் பெட்டிகளில் கொட்டுவாள். கையுறை தருவார்கள், போட்டுக்கொள்ள மாட்டாள். வேலை முடிந்து வரும் வழியில் யார் பிடரி கிடைத்தாலும் அந்தக் கையை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவாள். அவள் புருஷன் புனாவின் தம்பி தராரோதான் அவளுக்கு "செத்த மீன்" என்று பெயர் வைத்தவன்.

"செத்த மீனு வருது, எல்லாரும் கழுத்தைப் பொத்திக்குங்க!" என்று ரோட்டில் நின்று கத்துவான். அவள் துரத்துவாள். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோதும் துரத்தினாள்.

நான் எதிர்வீடு. பெயர் துவைனே. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ரரோட்டோங்கா தீவைச் சுற்றி வருகிற ரோடு மட்டும்தான். நடந்ததில் பெரும்பாலானதை நானே பார்த்தேன். பார்க்காததை அவள் சொன்னாள்.

அது பெரும்புயலுக்கு அடுத்த வருஷம். கடலடியில் இருந்த பவளத்தையெல்லாம் புயல் உடைத்துப் போட்டிருந்தது. வெளுத்துச் செத்த பவளம் அலையோடு வந்து கரையில் எலும்பு மாதிரிக் குவிந்து கிடந்தது. தராரோ தன் மகனுக்கு முதல் முடி வெட்டும் விழா வைத்திருந்தான். ஊரையே கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் காலை தூண்டிலோடு போனவன், ஒரு பெரிய களவா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அதன் வால் அவன் முழங்கால்வரை தொங்கியது.

"ஈ மொய்க்குது பாருங்க, நல்ல மீனு," என்றான். விஷ மீனில் ஈ உட்காராது என்று எங்களிடம் ஒரு நம்பிக்கை. குடலைப் பூனைக்கு வீசினான். பூனை தின்றுவிட்டு வெயிலில் நீட்டிப் படுத்தது. அதற்குமேல் யாருக்கும் சந்தேகமில்லை.

உடம்பை விழாவுக்கு ஒதுக்கிவிட்டு, தலையையும் ஈரலையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்து வீட்டு ஆட்கள் மதியமே சாப்பிட்டார்கள். ஈரல் முழுவதையும் தராரோ கைரங்கியின் தட்டில் வைத்தான்.

"இது உனக்குத்தான் அண்ணி. உள்ள இருக்கறது என்னை மாதிரி அழகாப் பொறக்கணும்ல?"

"உன்னை மாதிரியா? அதுக்கு இப்பவே அழுது தீத்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிட்டாள்.

எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அன்று காலைதான் எனக்குப் பல் பிடுங்கியிருந்தார்கள். மெல்ல முடியாமல் மூடி வைத்தேன். மூடும்போது மோந்து பார்த்தது நினைவிருக்கிறது. நல்ல வாசனை.

சாயங்காலம் கைரங்கி ரோட்டைத் தாண்டி வந்து என் சமையலறை வாசலில் நின்றாள்.

"துவைனே, என் உதட்டைப் பாரேன். வீங்கிருக்கா?"

"இல்லையே."

"எறும்பு ஊருற மாதிரி இருக்கு. பல்லு எல்லாம் ஆடுது."

முன்பல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "ஆடலைடி."

"ஆடுது. நாக்கால தொட்டாலே கழண்டு விழுந்துரும் போல இருக்கு."

பயந்திருக்கிறாள் என்று நினைத்து, குழாயிலிருந்து ஒரு குவளை தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். வாயில் வைத்தவள் அலறிக்கொண்டு குவளையை வீசி எறிந்தாள்.

"கொதிக்கிற தண்ணியைக் குடுக்கிறியே, உனக்கு என்ன பைத்தியமா?"

சிந்திய தண்ணீர் தரையில் ஓடி வந்து என் பாதத்தைத் தொட்டது. சில்லென்று இருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு வயிற்றைக் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். துணிக்கு மேலேயே தெரிந்தது. மூன்று பெற்றவள் நான், பிள்ளை உதைப்பது எனக்குத் தெரியும். இது உதையில்லை. பைக்குள் போட்ட உயிர்மீன் துடிக்கிற மாதிரி, நிற்காமல், எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டது. அவள் இரண்டு கையாலும் அமுக்கினாள். கைக்கு அடியிலும் அது நிற்கவில்லை.

எதிர்வீட்டில் எல்லாரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பூனை பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு முற்றத்தை வட்டமடித்துக் கொண்டிருந்தது. விழாவை நிறுத்திவிட்டு, மீதி மீனையும் என் கிண்ணத்தில் இருந்ததையும் குழிதோண்டிப் புதைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் லோசலினி என்ற ஃபிஜிக்கார டாக்டர் இருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்ததும், "என்ன மீன்? ஈரல் யார் சாப்பிட்டது?" என்று கேட்டார். கைரங்கி கை தூக்கினாள். டாக்டர் அவள் வயிற்றில் கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். வாந்தி நின்றது. மற்றது நிற்கவில்லை. ஈரத்துணி பட்டாலும், இரும்புக் கட்டிலின் கம்பி பட்டாலும் கைரங்கிக்கு நெருப்பு. உள்ளங்கையையும் பாதத்தையும் சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தது. ஒருநாள் காலை டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். நானும் இருந்தேன்.

"மீன் கெட்டுப்போனது இல்லைம்மா. செத்த பவளத்து மேல கண்ணுக்குத் தெரியாத பாசி மாதிரி ஒண்ணு வளருது. அதைச் சின்ன மீன் மேயுது. சின்னதைப் பெரிசு தின்னுது. விஷம் மீனை ஒண்ணும் பண்ணாது, உள்ளயே சேர்ந்துக்கிட்டுப் போகும். ஈரல்லதான் ஜாஸ்தி. வேகவச்சாலும் போகாது, ஐஸ்ல வச்சாலும் போகாது."

"அதுக்குத் தண்ணி ஏன் சுடணும்?"

"நரம்புல சின்னச் சின்னக் கதவு இருக்குன்னு வச்சுக்கோ. ஏதாவது பட்டா கதவு திறக்கும், சேதி மூளைக்குப் போகும், கதவு மூடிக்கும். இந்த விஷம் கதவை மூட விடாது. லேசாக் குளிர் பட்டாப் போதும், வலி நரம்பெல்லாம் சேர்ந்து கத்துது. மூளைக்குக் கத்துறது மட்டும்தான் கேக்குது. எரியுதுன்னு முடிவு பண்ணிக்குது."

"அப்ப என் தோலுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஒண்ணும் ஆகலை."

"ஆனா எரியுதே டாக்டர்."

"எரியறது நிஜம். நெருப்புதான் இல்லை."

கைரங்கி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல. பிள்ளையைப் பற்றி அவள் கேட்கவில்லை. வயிற்றுக்குள் அந்த மீன் துடிப்பு அதற்கு முந்தின நாளே நின்றிருந்தது. பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கிறது என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

அவர்கள் வீடு திரும்பிய பிறகு ஒரு மதியம் நடந்ததை இந்த ஊர் இன்னும் பேசுகிறது. நல்ல வெயில். அந்த வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும், மாமனார் மாமியார் உட்பட, சுவரோரம் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிழலுக்குப் போகமாட்டார்கள். ஊரெல்லாம் நிழலைத் தேடும் நேரத்தில் அவர்கள் மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு, பேசாமல், அசையாமல் இருப்பார்கள். மலைப்பக்கம் மேகம் இறங்கியது. மழை எங்கள் பக்கம் வரவில்லை. குளிர்ந்த காற்று மட்டும் ஒரு வீச்சு வீசியது. என் முகத்தில் பட்டபோது சுகமாக இருந்தது.

எதிரே அத்தனை பேரும் ஒரே நொடியில் எழுந்து அலறினார்கள். ஒரே குரல் மாதிரி இருந்தது. போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, அடுப்பெரிந்துகொண்டிருந்த சமையல் கொட்டகைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்கள். முற்றத்தில் யாரும் இல்லை. காற்றில் வாழை இலை மட்டும் ஆடியது. ரோட்டில் சைக்கிளில் போனவர் இறங்கி நின்று, "யாரு அடிச்சா இவங்களை?" என்று என்னைக் கேட்டார். காற்று என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். அந்த வீட்டில் பேய் புகுந்துவிட்டது என்று அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டது.

வாரங்கள் போகப் போக ஒவ்வொருவராகத் தேறினார்கள். தராரோ முதலில் தேறினான். கைரங்கி தேறவில்லை.

பிரசவத்துக்கு என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டாள். பெண் குழந்தை. டாக்டர் லோசலினி வெதுவெதுப்பான தண்ணீரால் அதைத் துடைத்துவிட்டு, பிறகு ஒரு துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதன் பாதத்தில் வைத்தார். குழந்தை காலை இழுத்துக்கொண்டது, முகத்தைச் சுளித்தது, அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை வைங்க," என்றாள் கைரங்கி.

"நல்லா இருக்கும்மா."

"இன்னொரு தடவை."

வைத்தார். குழந்தை கொட்டாவி விட்டது. அப்போதுதான் கைரங்கி அழுதாள். மராமா என்று பெயர் வைத்தார்கள். தன் பால் வேண்டாம் என்று அவளே முடிவு பண்ணி, டின் பால் கொடுத்து வளர்த்தாள்.

குழந்தை தவழ ஆரம்பித்ததும் அவள் ஐஸ் தொழிற்சாலைக்குத் திரும்பப் போனாள். புனா கெஞ்சிப் பார்த்தான்.

"வேற வேலையே இல்லையா இந்தத் தீவுல?"

"இருக்கு. ஆனா நான் பயந்து ஓடிட்டா இது என்னைச் சமையல் கொட்டகைக்குள்ளயே பூட்டி வச்சிரும்."

அவளுக்கு அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். எரிகிறது என்றால் குளிர்கிறது என்று அர்த்தம். குளிர் யாரையும் கொல்லாது. எனவே எரியட்டும். முதல் நாள் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, எடுக்காமல் நின்றதாகச் சொன்னாள். மெல்ல மெல்ல முகம் மாறாமல் நிற்கப் பழகினாள். அந்தச் சமயத்தில் அவளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். பல்லைக் கடித்திருப்பாள். உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

"பொய் சொல்ற வேலைக்காரி ஒருத்தி வீட்டுல இருக்கா, துவைனே. துரத்த முடியலை. அவ பேச்சைக் காதுல வாங்காம வேலையைப் பாக்கிறேன்," என்பாள்.

ஆனால் தெரியாத பொருளைத் தொடுமுன் பக்கத்தில் இருப்பவரிடம் "சூடா, குளிரா?" என்று கேட்டுவிடுவாள். தராரோ அதையும் விளையாட்டாக்கினான். ஆவி பறக்கும் தேநீரைக் காட்டி "ஐஸு அண்ணி" என்பான். ஐஸ்கிரீமைக் காட்டி "தொடாதே, நெருப்பு" என்பான். அவள் அவன் தலையில் தட்டுவாள். மீன் கொண்டுவந்தவன் அவன்தானே. அந்தப் பாரத்தை இறக்க அவனுக்குக் கேலியை விட்டால் வேறு வழி தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

மராமா நடக்கத் தொடங்கியிருந்தாள். மாதாகோவில் விழா வந்தது. கோவிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டி ஊரே சமைத்துக்கொண்டிருந்தது. பாட்டும் கூச்சலும் காதைப் பிளந்தன. ஒரே அளவில் இரண்டு அலுமினியக் குண்டான்கள் இருந்தன. ஒன்றில் ஐஸ் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், ஒன்றில் தேநீருக்கு வெந்நீர். எலுமிச்சைத் தண்ணீரை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். தராரோ சாக்குத்துணியால் பிடித்து வெந்நீர்க் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி, மூடி போட்டு, பலகைமேல் வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். தட்டுக் கழுவிக்கொண்டிருந்த கைரங்கி ஈரக்கையோடு வந்தாள்.

"இதை மேசைக்குக் கொண்டுபோகணுமா? சூடா, குளிரா?"

"ஐஸுதான் அண்ணி. செத்த மீனுக்கு ஏத்த ஐஸு."

தொட்டதும் துள்ளுவாள், திட்டுவாள், எல்லாரும் சிரிப்போம் என்று அவன் நினைத்திருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

அவள் துள்ளவில்லை. இரண்டு உள்ளங்கையையும் குண்டானின் பக்கங்களில் பதித்தாள். பல்லைக் கடித்தாள். தூக்கினாள். தினமும் ஐஸைத் தூக்குகிற மாதிரியே, உதட்டில் அந்தச் சிரிப்போடு, நிதானமாக நடந்தாள்.

நான் எதிரிலிருந்து தட்டுகளோடு வந்துகொண்டிருந்தேன். அவள் விரல் இடுக்குகளில் மெல்லிசாகப் புகை மாதிரி ஆவி எழும்புவதைப் பார்த்தேன். என்ன பார்க்கிறேன் என்று புரியவில்லை. பின்னால் தராரோ சிரித்தபடி நின்றிருந்தான். அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே கல்லாகியது.

"அண்ணி! போடு! கீழ போடு அதை!"

"போடா, உன் வேலையை என்கிட்டக் காட்டாதே," என்றாள் திரும்பாமல்.

"ஐயோ, நிஜமா வெந்நீரு! போடு!"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். "யாரு பன்றிக்கறியைக் கருக்குறது?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தாள்.

அலறவில்லை. சுற்றிலும் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சிந்தாமல், மெதுவாக, மண்டியிட்டுக் குண்டானைத் தரையில் இறக்கினாள். கையை எடுத்தாள். கை வந்தது, தோல் வரவில்லை.

பாட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. முன்பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கைக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். கையைப் பற்றி அவள் பேசவே இல்லை.

"வலி வந்துச்சு துவைனே," என்றாள். "தொட்ட உடனே வந்துச்சு. கத்துச்சு. நான்தான் போ போன்னு விரட்டினேன். அது இந்த ஒரு தடவை நிஜத்தைச் சொல்லிருக்கு, பாரேன். ரெண்டும் ஒரே குரல்ல பேசினா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

தராரோ வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வர மாட்டேன் என்றான். அவள் சொல்லி அனுப்பி வரவழைத்தாள். அவன் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு நொடிகூடப் பிடிக்கமாட்டேன்னு நெனைச்சேன் அண்ணி."

"தெரியும்."

"அடி. என்னை ஏதாவது சொல்லு."

"என் கை சூடுன்னுதான் சொல்லிச்சு. நீ ஐஸுன்னு சொன்னே. நான் உன்னை நம்பினேன்," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அவனால் அங்கே நிற்க முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ரோட்டில் யாரும் யாரையும் கேலி செய்து கத்தி நான் கேட்டதில்லை. சில மாதத்தில் அவன் குடும்பத்தோடு ஆக்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு அவளுக்குத் துணி அனுப்புவான். அவளும் உடுத்துவாள்.

கை ஆறியது. உள்ளங்கைத் தோல் இறுகி, விரல்கள் முழுதாக விரியாமல் போயின. ஐஸ் வேலை அதோடு முடிந்தது. தழும்புக்குள் ஒன்றுமே தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. கையின் மேல்பக்கத்திலோ ஒரு மழைத்துளி பட்டாலும் தீ. ஒரே கையில் ஒரு பக்கம் செத்தும், மறுபக்கம் ஓயாமல் கத்திக்கொண்டும் இருந்தது. தோல் சொல்வதை அடியோடு விட்டுவிட்டாள். பாத்திரத்தின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் குளிர், மேலே ஆவி தெரிந்தால் சூடு. இரண்டும் தெரியாவிட்டால் புனா முதலில் தொடுவான். அவன் வாய்திறந்து சொல்லக்கூட மாட்டான். தொட்டுவிட்டு அவள் பக்கம் நகர்த்துவான், அல்லது தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

மீனை அவள் மறுபடி வாயில் வைக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரித்த கோழியைத் தெரியாமல் சாப்பிட்டு, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தது. பல் ஆடியது, உதட்டில் எறும்பு ஊர்ந்தது. அது அடங்க ஒரு மழைக்காலம் ஆனது.

மராமா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு காலை, ஓடையில் துணி அலசப் போனோம். நான் அலசுவேன், அவள் கரையில் உட்கார்ந்து மடிப்பாள். பேசிக்கொண்டே கால் வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப்போய்த் தூக்க ஓடினேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

வெகுநேரம் அசையாமல் இருந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"துவைனே, எரியலை."

"நல்லதுதானேடி!"

"இல்லை. ஒண்ணுமே எரியலை. உடம்பு பூரா உள்ளங்கை மாதிரி ஆயிருச்சா?" அவள் தன் முழங்கையைப் பல்லால் கடித்தாள். வலித்தது, முகம் சுளித்தது. பிறகு தண்ணீரைப் பார்த்தாள். "ஏதோ இருக்கு. தோலைச் சுத்தி ஏதோ இறுக்குது. இதுதான் குளிரா? எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு."

நானும் அவள் பக்கத்தில் தண்ணீரில் உட்கார்ந்தேன். மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர், நடுக்கியது.

"இதுதான்," என்றேன்.

"நிஜமா?"

"நிஜமா."

சரி என்றாள். ஆனால் கரையேறியதும், வெளிச்சத்தில் நின்று, காலிலிருந்து கழுத்துவரை தன் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். எங்காவது வெந்திருக்கிறதா என்று தேடினாள். முதுகை என்னைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். ஈரமும், சிலிர்த்து நின்ற மயிரும்தான் இருந்தன.

இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. கோழி வளர்க்கிறாள். பேரப்பிள்ளைகள் வந்து ஐஸ்கிரீம் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுகிறாள். சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்று, நாக்கை வெளியே நீட்டி, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.